மூன்று மணிக்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிடு

தங்கச்சி, உன் கேள்வியைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இங்கிலாந்துக்கு நர்ஸாக வந்து ஆறு வாரம், பக்கிங்ஹாம்ஷயரில் வேலை, வரும் வாரம் ஒரு நாள் ஆஃப். ஆள் சத்தமே இல்லாத ஒரு காட்டுக்குத் தனியாகப் போய்வர ஆசை. அனுமதி வாங்க வேண்டுமா, பயமில்லாமல் போகலாமா, படம் எடுக்க நல்ல இடம் எது, சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாய். 2001இல் நானும் இதே மாவட்டத்துக்கு, இதே வேலைக்குத்தான் நாகர்கோவிலில் இருந்து வந்தேன். வந்த நான்காவது வாரம் இதே ஆசையோடு ஒரு காட்டுக்குள் போனேன். அதுவும் நவம்பர்.

படம் எங்கே வேண்டுமானாலும் எடுத்துக்கொள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போ. காட்டுக்குள் கடையும் இல்லை, கழிப்பறையும் இல்லை. சொல்ல வேண்டியது வேறு.

இங்கே நவம்பரில் சூரியன் நாலு மணிக்கெல்லாம் போய்விடும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதை நீயும் பார்த்திருப்பாய். ஆனால் பார்த்ததும் உடம்புக்குப் புரிந்ததும் ஒன்றல்ல. நம் ஊரில் வருடம் முழுக்க ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில்தான் பொழுது சாயும். இருட்டு எப்போது வரும் என்று யோசித்துப் பழகாத உடம்பு நம்முடையது. வார்டுக்குள்ளேயே விடிந்து வார்டுக்குள்ளேயே இருட்டுவதால் முதல் குளிர்காலத்தில் இது மனதில் பதிவதே இல்லை. மரத்தடியில் அந்த இருட்டு மூன்றரைக்கே வந்துவிடும். மேகமூட்டம் இருந்தால் அதற்கும் முன்னால். அதனால் மூன்று மணிக்கு நீ தார்ச்சாலையில் நிற்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் சமாளித்துவிடலாம்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. வெண்டோவரில் ரயிலை விட்டு இறங்கி, மேற்குப் பக்கம் கூம்ப் ஹில் என்ற குன்றில் ஏறினேன். உச்சியில், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் இறந்த இந்த மாவட்டத்து ஆட்களுக்கு 1904இல் எழுப்பிய தூண் நிற்கிறது. கீழே எய்ல்ஸ்பரி சமவெளி முழுக்கத் தெரியும். காற்று ஆளைத் தள்ளியது. அங்கிருந்து மலையின் மறுபக்கம் பீச் (beech) மரக் காட்டுக்குள் இறங்கினேன். சாம்பல் நிறத்தில் வழவழப்பாக யானைக்கால் மாதிரி அடிமரம். பீச் மரத்தின் நிழலில் புதர் அதிகம் வளராது, அதனால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மரமும் சருகும்தான். செம்பு நிறத்தில் கணுக்கால் வரை சருகு. நான் மிதிக்கிற சத்தம், நின்றால் அதுவும் இல்லை. ஒரு மாதமாக மானிட்டர் சத்தத்திலும், பாதி புரியாத ஆங்கிலத்திலும், ஐந்து பேர் இருந்த வீட்டிலும் கிடந்தவளுக்கு அது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தேன். மூன்று வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அதுவரை அழ ஓரிடம் கிடைக்கவில்லை, அங்கே கிடைத்தது.

எழுந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வந்த வழியைத் தேடினால் வழியே இல்லை. இதுதான் பீச் காட்டின் ஆபத்து, நன்றாகக் கேட்டுக்கொள். இலையுதிர் காலத்தில் பாதைமேல் விழுகிற சருகும் பாதைக்கு வெளியே விழுகிற சருகும் ஒன்றுபோலவே இருக்கும். புதர் இல்லாததால் எந்தப் பக்கம் நடந்தாலும் அது பாதை மாதிரியே தோன்றும். இந்தப் பக்கத்துச் சில்டர்ன் மலைக் காடுகளில் பல இடங்களில் மரத்திலேயே வெள்ளை அம்புக்குறி வரைந்திருப்பார்கள். வெளிச்சம் இருக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். இருட்டினால் அதுவும் தெரியாது. என் நோக்கியாவில் சிக்னல் இல்லை. துணி ஷூ முழுக்க நனைந்து, விரல் மரத்துப்போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்த பிறகு ஒரு நாய் குரைக்கிற சத்தம், அப்புறம் டார்ச் வெளிச்சம். நாயோடு வந்த வயதான ஒரு அம்மாள். ஒரு கேள்வியும் கேட்காமல் தன் கையுறையைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். சாலைவரை நடத்திக் கூட்டிப்போய், காரில் ஏற்றி, ஸ்டேஷனில் விட்டார். இறங்கும்போதுதான் பேசினார்: அடுத்த முறை வருவதற்கு முன்னால் மேப் வாங்கு, வராமல் மட்டும் இருந்துவிடாதே.

அந்த வாரமே வாங்கினேன். இந்த நாட்டின் அரசு மேப் நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசை, ஆரஞ்சு அட்டை, நம் பக்கத்துக்கு 181ஆம் எண். மேப்பில் நாலு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். பச்சைப் புள்ளிக்கோடுகள் பொதுப்பாதைகள். போனில் எல்லாம் இருக்கிறதே என்பாய். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும், பள்ளத்தில் சிக்னல் போகும். காகித மேப்பும் ஒரு டார்ச்சும் பையில் கிடக்கட்டும்.

சரி, அனுமதி. மஞ்சள் அம்பு போட்ட பாதை நடப்பவர்களுக்கு. நீல அம்பு என்றால் குதிரைக்காரர்களும் சைக்கிள்காரர்களும்கூட வருவார்கள். யாருடைய நிலமாக இருந்தாலும் அந்தப் பாதையில் நடக்க உனக்குச் சட்டப்படி உரிமை உண்டு, காசும் கிடையாது. நான் சொன்ன காட்டைத் தாண்டிப் போனால் பிரதமரின் ஓய்வு மாளிகையான செக்கர்ஸ் வரும். ரிட்ஜ்வே என்ற நெடும்பாதை அந்த மாளிகையின் வண்டிப்பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. நாட்டின் பிரதமராலேயே மூட முடியாத பாதை! முதல் தடவை அதைக் கடந்தபோது, வாடகை வீட்டில் ஓர் அறைகூடச் சொந்தமில்லாத எனக்கு, இந்த நாட்டில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று பட்டது. ஆனால் பாதையை விட்டு விலகாதே. மற்ற தனியார் காடுகளில் விலகினால் உரிமையாளர் வெளியே போகச் சொல்வார், அவ்வளவுதான். செக்கர்ஸ் எல்லைக்குள் விலகுவது குற்றம், போர்டு வைத்திருக்கிறார்கள்.

நம் நிறத்தைப் பார்த்து ஏதாவது சொல்வார்களா என்று கடைசி வரியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாய். பார்ப்பார்கள். காட்டுப்பாதையில் நம்மைப் போன்றவர்களை அவர்கள் அதிகம் கண்டதில்லை. நீ முந்திக்கொண்டு “மார்னிங்” சொல். லண்டனில் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், ஆனால் இங்கே பாதையில் எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்வதுதான் வழக்கம். ஒரு தடவை ஒருவர் என்னை நிறுத்தி, இது தனியார் இடம், வழி தவறி வந்துவிட்டாயா என்றார். மேப்பை விரித்து நாங்கள் நிற்கிற பச்சைக்கோட்டின்மேல் விரலை வைத்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். இருபது வருடத்துக்கு மேல் நடந்ததில் இப்படி ஒரே ஒரு முறைதான்.

நம் ஆட்கள்தான் உன்னை அதிகமாகப் பயமுறுத்துவார்கள். என்னோடு அந்த வீட்டில் இருந்தவர்கள், காட்டுக்குப் போனால் கொலை செய்துவிடுவார்கள் என்றார்கள். அவர்களில் சிலர் ஓவர்டைம் பார்த்துப் பார்த்து மூன்று வீடு வாங்கிவிட்டார்கள். ஒரு காட்டுக்குள்கூடக் கால் வைத்ததில்லை. எனக்கு அது வருத்தம்தான். இன்னொரு கூட்டம் ஏப்ரல் கடைசியில் புளூபெல் பூக்கிறபோது மட்டும் வரும். தரை முழுக்க நீலப்பாய் விரித்த மாதிரி இருக்கும் பூ. அதன் நடுவே போய் உட்கார்ந்து, படுத்து, பிள்ளைகளை ஓடவிட்டுப் படம் எடுப்பார்கள். மிதித்து நசுங்கிய இலை எழும்பாது, கிழங்குக்குச் சத்துப் போகாது, அந்த இடம் தேற வருடக்கணக்காகும். நம் மொழி பேசிக்கொண்டே இதைச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. நேரில் போய்ச் சொல்லியிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். அதே சமயத்தில் காட்டுப்பூண்டும் முளைக்கும், துவையலுக்கு நல்லது என்று பை பையாகப் பறிப்பார்கள். அதன் நடுவிலேயே லார்ட்ஸ் அண்ட் லேடீஸ் என்ற செடியும் முளைக்கும். நம் சேம்பு, கருணைக் குடும்பம், ஆனால் விஷம். பச்சைக் கருணையைக் கடித்தால் தொண்டை என்ன பாடுபடும் என்று உனக்குத் தெரியும். எதையும் பறிக்காதே.

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். கோடையில் போனால் பேன்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள். உண்ணி ஏறும், அது பரப்பும் லைம் நோய் பற்றி நர்ஸுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் செந்தட்டி மாதிரி நெட்டில் என்ற செடி இங்கே உண்டு, நம் ஊர் அரிப்பேதான்.

நான் முதலில் போனபோது தலைக்கு மேலே சிவப்புப் பருந்துகள் சீழ்க்கை அடித்துக்கொண்டு சுற்றின. இங்கே அற்றுப்போன பறவையாம். 1989இல் தொடங்கி, பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்த மலையில் விட்டிருக்கிறார்கள். 2003இல் மகள் வந்தாள். முதல் மே மாதமே கூட்டிப்போனேன். அம்மா தைத்துக் கொடுத்த பாவாடையோடு சகதியில் முழங்கால்வரை இறங்கிவிட்டு, மேலே பார்த்து, “நம்ம ஊர்ப் பருந்தும்மா” என்றாள். நான் திருத்தவில்லை.

அந்த விழுந்த மரம் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. பாசி பிடித்து ஒரு முனை விரலால் கிள்ளினால் உதிர்கிறது. மேப்பில் அந்த இடத்தைப் பேனாவால் குறித்திருக்கிறேன். மடிப்புகளெல்லாம் கிழிந்து செல்லோடேப்பில் நிற்கிற மேப் அது. எனக்குச் செவ்வாய்க்கிழமை ஆஃப். உனக்கும் அன்றைக்கு டியூட்டி இல்லையென்றால் காலை ஒன்பதரைக்கு வெண்டோவர் ஸ்டேஷன் வாசலுக்கு வா. துணி ஷூவோடு வராதே. உன் கால் அளவைச் சொல், ஐந்து என்றால் மகளுடைய பழைய பூட்ஸ் வீட்டில் சும்மாதான் இருக்கிறது.