பதினேழாம் இடத்துக்கு ஒரு கோப்பை

கேள்வி: சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். தென்கொரிய வீரர் சன் ஹியுங்-மின் வந்து சேர்ந்த 2015-ஆம் ஆண்டிலிருந்து லண்டன் கால்பந்து அணியான டோட்டன்ஹாமின் ரசிகன். என் மனைவியின் அண்ணன் ஏற்காட்டில் இருக்கிறார். அவர் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர். 2025 மே மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறை என்று மலைக்குப் போயிருந்தபோது, எங்கள் இரண்டு அணிகளும் மோதிய யூரோப்பா லீக் (ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைக் கோப்பை) இறுதிப் போட்டியை அவர் வீட்டில் நள்ளிரவில் இருவரும் சேர்ந்தே பார்த்தோம். நாங்கள் வென்றோம். நான் போட்ட சத்தத்தில் வீடே எழுந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் கடைசி ஆட்டத்தில் 1-4 என்று தோற்று, 20 அணிகளில் 17-ஆம் இடத்தில் முடித்தோம். அன்றிரவு மச்சான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் புள்ளிப்பட்டியலைப் போட்டு, “இதற்கா அந்தக் கூச்சல்?” என்று கேட்டார். பதிலுக்கு நானும் பேச, வார்த்தை தடித்துவிட்டது. இப்போது பேச்சுவார்த்தை இல்லை. கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளரையும் கிளப் நீக்கிவிட்டது. அப்படியானால் மச்சான் சொன்னதுதான் சரியா? இந்த ஆண்டு எங்களுக்கு வெற்றியா, தோல்வியா? இனியும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்க்கத்தான் வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

வெற்றியா, தோல்வியா என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கேட்கிறீர்கள். அந்த ஒரே சொல்லைத் தேடப் போய்த்தான் உங்களுக்கும் உங்கள் மைத்துனருக்கும் சண்டை வந்திருக்கிறது என்பது என் எண்ணம். உங்களிடம் கொலுசு வாங்க வரும் வியாபாரி எத்தனை டச் (வெள்ளியின் தூய்மை) என்று ஒரு கேள்வியும் எத்தனை கிராம் என்று இன்னொரு கேள்வியும் கேட்பாரே தவிர, இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லுங்கள் என்று கேட்க மாட்டார். லீக்கும் கோப்பையும் அப்படி இரண்டு வெவ்வேறு அளவுகள். எட்டு ஒன்பது மாதங்களில் 19 எதிரணிகளோடும் தலா இரண்டு முறை மோதி ஓர் அணி எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதை லீக் சொல்கிறது; தோற்றால் வெளியே என்ற நிலையில் ஒரு குறிப்பிட்ட இரவில் அந்த அணி என்ன செய்கிறது என்பதைக் கோப்பை சொல்கிறது.

உங்களுக்குப் பிடிக்காத பகுதியை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதில் உங்கள் மைத்துனரின் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது. 38 ஆட்டங்களில் 11 வெற்றி, 5 டிரா, 22 தோல்வி, மொத்தம் 38 புள்ளிகள் என்பது 1977-இல் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்ட பிறகு இந்த கிளப் காணாத சரிவு. கடைசி மூன்று இடங்களில் முடித்துக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்ட லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் அணிகள் அதைவிட மோசமாக ஆடியதால்தான், 18-ஆம் இடத்துக்கும் உங்களுக்கும் நடுவே 13 புள்ளிகள் இடைவெளி இருந்தது. ஆனால் அந்த மூன்றில் லெஸ்டரும் இப்ஸ்விச்சும் உங்கள் மைதானத்துக்கே வந்து 2-1 என்று வென்றுவிட்டுப் போனவை. அதிலும் இப்ஸ்விச்சுக்கு அதுதான் அந்தப் பருவத்தின் முதல் லீக் வெற்றி. காயம் மட்டுமே காரணம் என்று நீங்கள் குழுவில் வாதாடியிருந்தால், இந்த இடத்தில் உங்கள் வாதம் நிற்காது. இப்ஸ்விச்சிடம் தோற்றது நவம்பர் 10-ஆம் தேதி, முக்கிய வீரர்கள் பலர் விழுவதற்கு முன்பு.

இருந்தும் வெறும் பட்டியலைப் பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும் ஒன்று இந்தப் பருவத்தில் இருக்கிறது. 22 ஆட்டங்களில் தோற்ற அந்த அணி 64 கோல் அடித்து 65 கோல் வாங்கியிருக்கிறது. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் ஆண்டை முடித்த அணி 17-ஆம் இடத்தில் நிற்பது கால்பந்தில் அரிது. இப்ஸ்விச்சிடம் தோற்ற அதே அணி, அதற்கு அடுத்த லீக் ஆட்டத்தில், நடப்புச் சாம்பியனாக இருந்த மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் ஊரிலேயே 4-0 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் கணுக்கால் எலும்பு முறிந்த நிலையிலேயே கடைசி வரை நின்ற கோல்கீப்பர் விகாரியோ, பிறகு இரண்டு மாதங்களுக்கு மேல் இல்லை. டிசம்பர் 8-ஆம் தேதி செல்சீக்கு எதிராக, காயத்திலிருந்து திரும்பிய ரொமேரோ, வான் டி வென் என்ற இரண்டு முதன்மைத் தடுப்பாட்டக்காரர்களும் அதே ஆட்டத்தில் மறுபடி காயமடைந்தார்கள். அதன் பிறகு பல வாரங்கள், நடுக்கள வீரராக வாங்கப்பட்ட 18 வயது ஆர்ச்சி கிரே பின்வரிசையின் நடுவில் நின்று ஆட வேண்டியதாயிற்று. வீரர்கள் தட்டுப்பாட்டிலும் முழு வேகத்தில் முன்னேறித் தாக்கும் பாணியை விட்டுக்கொடுக்காத பயிற்சியாளர் ஆன்கே போஸ்டகோக்லுவின் பிடிவாதம், அந்தக் குளிர்காலத் தோல்விகளில் காயத்துக்குச் சமமான பங்கு வகித்தது என்றே நான் கருதுகிறேன்.

வசந்தம் வந்தபோது கணக்கு மாறியது. லீக்கில் கீழே இறங்கும் ஆபத்து நீங்கிவிட்டது, மேலே போக வழியும் இல்லை. ஆகவே லீக் ஆட்டங்களில் முக்கிய வீரர்களை உட்கார வைத்து, யூரோப்பா லீக் ஆட்டங்கள் நடக்கும் வியாழக்கிழமைகளுக்காக அவர்களைச் சேமித்தார்கள். ஏப்ரல் 27-ஆம் தேதி லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 5-1 என்று தோற்று, லீக் பட்டம் வென்ற அவர்களின் பட்டாபிஷேகத்துக்குச் சாட்சியாக நின்ற அணியும், நான்கே நாட்களில் யூரோப்பா லீக் அரையிறுதியில் நார்வேயின் போடோ கிளிம்ட்டை 3-1 என்று வென்ற அணியும் ஒரே சட்டைதான். ஐரோப்பாவில் அந்தப் பருவம் முழுவதும் ஆடிய 15 ஆட்டங்களில் 10 வெற்றி, 3 டிரா, 2 தோல்வி. நெதர்லாந்தின் அல்க்மாரிடம் முதல் ஆட்டத்தில் தோற்று லண்டனில் 3-1 என்று மீண்டதும், ஃபிராங்க்ஃபர்ட்டில் சொலாங்கியின் பெனால்டி ஒன்றை வைத்துக்கொண்டு அரையிறுதிக்குப் போனதும், நார்வேயின் வட துருவ வட்டத்துக்கு உள்ளே இருக்கும் போடோவில் 2-0 என்று முடித்ததும், பட்டியலில் 17 என்று எழுதப்பட்டிருக்கும் அணி செய்தவைதான்.

ஸ்பெயினின் பில்பாவோவில் நடந்த அந்த இறுதி ஆட்டம் அழகான ஆட்டம் அல்ல, அதை உங்கள் மைத்துனர் சொன்னால் மறுக்காதீர்கள். 42-ஆவது நிமிடத்தில் பிரென்னன் ஜான்சன் தட்டியும் தட்டாமலும் உள்ளே போன பந்து, அதற்குப் பிறகு பெரும்பாலும் யுனைடெட்டின் கால்களிலேயே இருந்த பந்து, யுனைடெட்டின் ஹோய்லுண்ட் தலையால் அடித்ததைக் கோல்கோட்டின் மேல் அந்தரத்தில் பாய்ந்து வான் டி வென் வெளியே தள்ளிய ஒரு கணம்: இவ்வளவுதான். குளிர்காலம் முழுவதும் தற்காப்பு ஆட்டத்தை ஏற்க மறுத்த பயிற்சியாளர், கடைசியில் தற்காப்பு ஆடியே கோப்பையை எடுத்தார். ஆனால் உங்கள் கிளப்புக்கு அதற்கு முந்தைய கோப்பை 2008-இன் லீக் கோப்பை (பெயரில் லீக் இருந்தாலும், அது தோற்றால் வெளியே என்ற தனிப் போட்டி). ஐரோப்பியக் கோப்பை என்றால் 1984. கிளப்புக்காக 280 கோல் அடித்த ஹாரி கேன் ஒரு கோப்பையையும் தொடாமல் 2023-இல் கிளம்பி ஜெர்மனிக்குப் போனார். பத்தாண்டுகள் அங்கேயே இருந்த சன், இறுதி ஆட்டத்தைப் பெஞ்சில் தொடங்கி இரண்டாம் பாதியில் உள்ளே வந்து, கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். 2015 முதல் அவரைப் பின்தொடரும் உங்களுக்கு அந்த இரவு கூச்சல் போட உரிமை இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர்களிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் மைத்துனர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 17-ஆம் இடத்து அணிக்குக் கோப்பையா, அதோடு அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் முதல் நிலைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் இடமுமா என்று கேட்பவருக்கு, அந்த விதி இரண்டு அணிகளுக்கும் முன்கூட்டியே தெரிந்த ஒன்று என்பதே பதில். இறுதி ஆட்டம் தொடங்கியபோது யுனைடெட் 16-ஆம் இடத்தில் இருந்தது. வென்றிருந்தால் அதே விதியின்படி அவர்கள்தான் போயிருப்பார்கள், அவர் வீட்டில் அவர்தான் கூச்சல் போட்டிருப்பார். பருவ முடிவில் அவர்கள் 42 புள்ளிகளோடு 15-ஆம் இடம், 18 தோல்விகள். இதில் அந்தப் பருவத்தில் உங்கள் அணியோடு மோதிய நான்கு முறையும், லீக்கில் இரண்டு, லீக் கோப்பையில் ஒன்று, இறுதியில் ஒன்று என, நான்கிலும் தோற்றவர்கள் அவர்கள். இந்தத் தகவல் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. குழுவில் நீங்கள் பேசிய தடித்த வார்த்தையும் இதுவாகவே இருக்கக்கூடும். ஆனால் பட்டியலைப் போட்ட மனிதர் எந்த நிலையில் அதைப் போட்டார் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு அவருடைய அணிக்கு ஐரோப்பாவில் ஓர் ஆட்டம்கூட இல்லை. தன் வீட்டுக் கூடத்தில், தன் பிள்ளைகள் முன்னால், தங்கையின் கணவர் குதிக்க, அவர் அந்தத் தோல்வியை விழுங்கியிருக்கிறார். நான்கு நாட்கள் பொறுத்திருந்துதான் பட்டியலை அனுப்பியிருக்கிறார். ரசிகர்களுக்குள் இது நல்ல பொறுமை.

பயிற்சியாளர் நீக்கம்தான் உங்களை அதிகமாக உறுத்துகிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. தன் இரண்டாம் ஆண்டில் எப்போதும் கோப்பை வெல்வதாகச் செப்டம்பரிலேயே சொல்லிக் கேலிக்கு ஆளானவர், சொன்னபடி வென்றுவிட்டு, 16 நாட்களில் வேலையை இழந்தார். 2021-இல் லீக் கோப்பை இறுதிக்கு ஆறு நாட்கள் இருக்கும்போது அப்போதைய பயிற்சியாளர் மொரீனியோவை அனுப்பிய கிளப்புக்கு இது புதிதல்ல. இதைக் கிளப்பே உங்கள் மகிழ்ச்சியைத் தவறு என்று அறிவித்ததாக நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். நிர்வாகம் அடுத்த 38 ஆட்டங்களுக்குப் பொறுப்பு, ஆகவே 22 தோல்விகளைப் பார்த்தே அது முடிவெடுத்தாக வேண்டும். ரசிகருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. அவர் நடந்து முடிந்த இரவை வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர்ப்பக்கத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2017-18 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பருவத்தில் லீக் சுற்றில் பெங்களூரு 40 புள்ளிகள், சென்னையின் எஃப்.சி. 32 புள்ளிகள், ஆனால் 2018 மார்ச் 17 அன்று பெங்களூரிலேயே நடந்த இறுதியில் 3-2 என்று வென்று சாம்பியன் ஆனது சென்னை. பயிற்சியாளர் ஜான் கிரெகரியை அவர்கள் மாற்றவில்லை. அடுத்த பருவத்தில் அதே பயிற்சியாளரின் கீழ் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 9 புள்ளிகள், கடைசி இடம். கோப்பை வென்றவரை வைத்துக்கொண்டாலும் அடுத்த ஆண்டு சரியும், நீக்கினாலும் சரியலாம். அதற்காக அந்த மார்ச் இரவு பொய்யாகிவிட்டது என்று சென்னை ரசிகர் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இங்கிலாந்தில் விகன் 2013-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற மூன்றாம் நாள் பிரீமியர் லீக்கிலிருந்தே இறக்கப்பட்டது; அந்தக் கோப்பையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஆகவே 22 தோல்விகளுக்காக வெட்கப்படுங்கள், கோப்பைக்காக மகிழுங்கள். இரண்டில் ஒன்றைக் கைவிடச் சொல்லும் அதிகாரம் உங்கள் மைத்துனருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

தூக்கத்தைப் பற்றி நான் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. பகல் முழுவதும் நெருப்போடும் உருகிய வெள்ளியோடும் வேலை செய்கிறவர் மூன்று மணிக்குப் படுத்து எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போவது நல்லதல்ல. லீக் ஆட்டங்களில் பெரும்பாலானவை வார இறுதியில் நம் நேரப்படி மாலையிலும் முன்னிரவிலும் வந்துவிடுகின்றன. அவற்றில் பிரச்சினை இல்லை. 2025-26 சாம்பியன்ஸ் லீக்கின் முதல் சுற்றில் உங்கள் அணிக்கு எட்டே ஆட்டங்கள்தாம். பெரும்பாலும் செவ்வாய், புதன் இரவுகளில் 12.30 மணிக்குத் தொடங்கும், அக்டோபர் கடைசியில் ஐரோப்பாவில் கடிகாரத்தை மாற்றிய பிறகு அது 1.30 ஆகும். அட்டவணை வந்ததும் எட்டையும் நாட்காட்டியில் குறித்து, முன்னிரவில் தொடங்கும் ஆட்டங்களை நேரலையாகவும் மற்றவற்றை மறுநாள் மாலை, முடிவு தெரியாமல், பதிவாகவும் பாருங்கள். மறுநாள் வரை முடிவு உங்கள் காதில் விழாமல் இருக்க வேண்டுமானால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஒருவரோடு நீங்கள் சமாதானமாகியே தீர வேண்டும்.

அதற்கு ஒரு நாளும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 13 அன்று இத்தாலியின் உடினேயில் யூரோப்பா லீக் வென்ற உங்கள் அணி, சாம்பியன்ஸ் லீக் வென்ற பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்னோடு சூப்பர் கோப்பைக்கு ஆடுகிறது. யுனைடெட்டுக்கு அதில் ஆதாயமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இந்த முறை அவரை நீங்கள் செவ்வாய்பேட்டைக்கு அழையுங்கள். குழுவில் எழுதாதீர்கள், தொலைபேசியில் நேரே கூப்பிட்டு, அன்றைக்கு உங்கள் வீட்டில் நான் அதிகமாகவே குதித்துவிட்டேன் மச்சான் என்று சொல்லிவிட்டு அழையுங்கள். பாரிஸ் அணிக்குக் கைதட்டத்தான் வருவார், வரட்டும்.