அதற்கேற்ற ஒரு டெல்டா

அன்புள்ள ஐயா,

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். கணக்கில் 93 மார்க். அந்தத் தைரியத்தில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தேன். இப்போது இரண்டாம் ஆண்டு. ரியல் அனாலிசிஸ் (மெய்யெண் பகுப்பாய்வு) என்ற தாள் வந்ததிலிருந்து ஒன்றும் புரியவில்லை. எப்சிலான், டெல்டா வருகிற தேற்றங்களை எல்லாம் மனப்பாடம் செய்துதான் எழுதுகிறேன். மார்க் வந்துவிடுகிறது, ஆனால் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது. சொந்தக்காரர்கள் "கணக்குப் படிச்சு என்ன பண்ணப் போறே?" என்கிறார்கள். ராமானுஜன் நம் ஈரோட்டில் பிறந்தவர். அவரைப் போலப் பிறவியிலேயே இருந்தால்தான் கணிதம் வருமோ? எனக்குக் கணக்கு வராது என்று தோன்றுகிறது. இதை விட்டுவிட்டு பி.சி.ஏ. சேர்ந்துவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

வயதில் என் மகளைவிடச் சின்னவர் நீங்கள். ஆனாலும் நம் பக்கத்தில் பிள்ளைகளையும் 'வாங்க கண்ணு' என்றுதானே கூப்பிடுவோம், அப்படியே எழுதுகிறேன்.

சொந்தக்காரர்கள் பேச்சை முதலில் தள்ளி வையுங்கள். நீங்கள் எதைப் படித்தாலும் அதைக் கேட்பார்கள். கணிதம் முடித்தவர்கள் பள்ளியிலும் வங்கியிலும் மென்பொருளிலும் இருக்கிறார்கள். மேலே படிக்க வேண்டுமென்றால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர ஜாம் தேர்வு இருக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

ராமானுஜனையும் விட்டுவிடுங்கள். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் அவருடைய அம்மாவின் வீட்டில் பிறந்தார், அவ்வளவுதான் நம் ஊருக்கும் அவருக்கும் உள்ள உறவு. அவரை மேற்கோள் காட்டி "எனக்கு வராது" என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். அவர் அந்தக் காலத்துக் கல்லூரி இடைநிலைத் தேர்வான எஃப்.ஏ.வில் தேறவே இல்லை. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். கையில் இருந்தது கார் என்பவர் தொகுத்த ஒரு புத்தகம். ஏறக்குறைய 5000 முடிவுகள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல். ஒவ்வொன்றையும் தானே சிலேட்டில் போட்டுப் போட்டு அழித்தார். அதில் எத்தனையை நீங்கள் போட்டுப் பார்த்தீர்கள்? ஒன்றையாவது? பிறவியைப் பற்றிப் பேச அதன் பிறகு வாருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. "என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது." இதே வரியை நான் 1988இல் எனக்குள் சொல்லிக்கொண்டேன். நானும் இரண்டாம் ஆண்டு, இதே தாள். எங்கள் ஆசிரியர் ஒருவர் நோட்ஸை வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். பரீட்சையில் எழுதியதைத் திருப்பி எழுதுவோம். எண்பதுக்கு மேல் வாங்கினேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு ஆறாத வருத்தம்.

அந்த வருடம் மே மாத லீவில் கோவை கணபதியில் மாமாவின் லேத் பட்டறைக்குப் போனேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைவதுதான் வேலை. கொஞ்ச நாள் கூட்டிப் பெருக்கினேன். அப்புறம் ஒரு நாள் மெஷினில் நிற்க வைத்தார். பேரிங் உட்காருகிற இடம் 25 மில்லிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் பார்த்தால் 25.30. சரி, இன்னும் 0.30 எடுக்க வேண்டும் என்று கைப்பிடியை டயலில் 0.30 திருப்பி டூலை உள்ளே விட்டேன். அளந்தால் 24.70. ஷாஃப்ட் குப்பைக்குப் போய்விட்டது.

மாமா அடிக்கவில்லை. "டூல் ஒரு பக்கம் தின்னா ஜாப் ரெண்டு பக்கமும் குறையும்டா. நீ காலேஜ்ல என்னதான் படிக்கறே?" என்றார். உருண்டையான பொருள் சுற்றுகிறது, கத்தி 0.30 உள்ளே போனால் ஆரம் 0.30 குறையும், விட்டம் 0.60 குறையும். ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. அதன் பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம்: "பார்ட்டி எவ்வளவு தப்பு வரைக்கும் ஏத்துக்குவான்னு மொதல்ல கேளு. அப்புறம் கைப்பிடியில கை வை."

அன்றைக்குப் பார்ட்டி, அதாவது வேலை கொடுத்தவர், தந்த டிராயிங்கில் 25, கூடுதல் குறைவு 0.02 என்று இருந்தது. அதாவது விட்டத்தில் 0.02 வரை தவறு தாங்கும். அப்படியானால் கைப்பிடியில் நான் 0.01க்கு மேல் தவறக் கூடாது. இன்னொரு பார்ட்டி 0.01தான் தாங்குவேன் என்றால் கைப்பிடியில் 0.005. கேட்பது அவர். அதற்குத் தகுந்தாற்போல் கையை அடக்குவது நான்.

கண்ணு, அதுதான் எப்சிலான், அதுதான் டெல்டா. அவர் சொல்கிற தவறு எப்சிலான். நான் கட்டுப்படுத்துகிற தவறு டெல்டா. இந்தக் கணக்கில் டெல்டா என்பது எப்சிலானில் பாதி. அன்று இரவு பட்டறைத் திண்ணையில் படுத்துக்கொண்டு, ஒரு வருடமாக மனப்பாடமாக இருந்த தொடர்ச்சியின் வரையறையை முதல் தடவையாகப் படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு, அதையும் அன்றே யோசித்தேன். மாமாவின் பழைய லேத் ஓரளவுக்கு மேல் நுணுக்கமாகப் போகாது. பார்ட்டி 0.0001 கேட்டால் மாமா கையை விரித்துவிடுவார். வரையறை கையை விரிப்பதில்லை. எவ்வளவு கறாரான பார்ட்டி வந்தாலும் அவனுக்கு ஒரு டெல்டா எடுத்துக் கொடுக்க முடிந்தால்தான் அந்தச் சார்பு அந்த இடத்தில் தொடர்ச்சியானது. 'எந்த எப்சிலான்' என்பதில் உள்ள 'எந்த' அதைத்தான் சொல்கிறது. மனப்பாடம் செய்கிறவர்கள் அந்தச் சொல்லைத்தான் முதலில் விழுங்குவார்கள்.

தமிழ் வழியில் படித்ததை ஒரு குறை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆங்கிலப் புத்தகத்தில் 'ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு' என்ற அளவில் வாக்கியம் நிற்கும். அந்த டெல்டா எதைப் பொறுத்தது என்பதை நாமேதான் கண்டுகொள்ள வேண்டும். தமிழில் இயல்பாகச் சொல்லிப் பாருங்கள்: எந்த எப்சிலான் கொடுத்தாலும் அதற்கேற்ற ஒரு டெல்டா இருக்கும். 'அதற்கேற்ற' என்று வாயிலேயே வந்துவிடுகிறது பாருங்கள். பாதித் தேற்றங்களின் சிக்கல் அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருக்கிறது.

ஏனென்றால் அடுத்த பாடமான சீரான தொடர்ச்சியில் கேட்பதே இதுதான்: டெல்டா எப்சிலானுக்கு மட்டும் ஏற்றதா, இடத்துக்கும் ஏற்றதா? லேத்தில் எங்கே கடைந்தாலும் பாதிதான், இடம் மாறினாலும் மாறாது. x வர்க்கத்தை எடுங்கள். x = 3 பக்கத்தில், x-ஐ 3இலிருந்து 1க்கு மேல் விலகவிடாமல் வைத்தால் x + 3 என்பது 7ஐத் தாண்டாது. x² − 9 என்பது (x − 3)(x + 3) அல்லவா, ஆகவே எப்சிலானை 7ஆல் வகுத்தது டெல்டா, அது 1க்கு மேல் போனால் 1. எப்சிலான் 0.07 என்றால் டெல்டா 0.01. இப்போது x = 100க்குப் போங்கள். அதே கணக்கில் 7 இருந்த இடத்தில் 201 வந்துவிடும். அதே பார்ட்டி, அதே 0.07, ஆனால் கையை ஏறக்குறைய முப்பது மடங்கு அடக்க வேண்டியிருக்கிறது. எண்கோடு முழுவதற்கும் ஒரே டெல்டா கிடைக்காது. இந்த இரண்டு வரிகளைப் பேப்பரில் போட்டவருக்கு, ஒரு பக்க நிரூபணத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே வராது.

இது எளிது என்று நான் சொல்லவில்லை. நியூட்டனும் லைப்னிட்ஸும் நுண்கணிதத்தை 17ஆம் நூற்றாண்டிலேயே கண்டுவிட்டார்கள். பூஜ்யம் மாதிரியும் பூஜ்யம் இல்லாத மாதிரியும் இருக்கிற அந்தச் சின்ன அளவுகள் என்ன என்று கேட்டு 1734இல் பெர்க்லி என்ற பாதிரியார் கணிதக்காரர்களை உலுக்கினார். கோஷி என்ற பிரெஞ்சுக் கணிதர் 1821இல் பெரிய ஒழுங்கைக் கொண்டுவந்தார். அவரே, தொடர்ச்சியான சார்புகளின் ஒருங்கும் தொடரை, அதாவது கூட்டக் கூட்ட ஒரு மதிப்பை நெருங்குகிற முடிவில்லாத தொடரை, கூட்டினால் கிடைப்பதும் தொடர்ச்சியானது என்று எழுதிவிட்டார். அது தவறு என்பதை 1826இல் இளைஞரான ஆபெல் ஓர் எடுத்துக்காட்டால் காட்டினார். அந்தத் தவறின் வேரும் இதுதான்: இடத்துக்கு இடம் மாறுகிற ஒன்றை எல்லா இடத்துக்கும் பொது என்று நினைப்பது. நீங்கள் இன்று படிக்கிற வரையறை 1860களில் வயர்ஸ்ட்ராஸின் பெர்லின் வகுப்புகளில்தான் நிலைபெற்றது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய மண்டைகள் தடுமாறிய இடம் இது. உங்களுக்கு ஒரு செமஸ்டரில் புரியவில்லை என்றால் அதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் புரியாததைப் புரிந்த மாதிரி எழுதி மார்க் வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. வாட்ஸ்அப்பில் வருகிற 'முக்கிய வினாக்கள்' பி.டி.எஃப்.ஐ அழித்துவிடுங்கள். தேற்றத்தைப் படிக்கும் முன் அதில் உள்ள நிபந்தனை ஒன்றை எடுத்துவிட்டு, தேற்றம் எங்கே உடைகிறது என்று ஓர் உதாரணம் தேடுங்கள். இரண்டு முனையிலும் ஒரே மதிப்பு இருந்தால் நடுவே எங்காவது சாய்வு பூஜ்யமாகும் என்கிற ரோல் தேற்றத்தில் வகையிட முடிய வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, −1இலிருந்து 1 வரை |x| வரைந்து பாருங்கள். இரண்டு முனையிலும் மதிப்பு ஒன்றுதான், சாய்வு பூஜ்யமாகிற இடம் எங்கேயும் இல்லை. நிபந்தனை எதற்கு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நிரூபணம் தானாக நினைவில் நிற்கும். ஒரு நாளைக்கு ஒன்று போதும். உங்கள் அம்மாவிடம் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். அவருக்குப் புரிய வேண்டியதில்லை, நீங்கள் எங்கே திக்குகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

பி.சி.ஏ. பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை இந்தக் கடிதத்தில் முடிவு செய்ய முடியாது. அதற்கு முன் ஒரு கணக்கு. 0க்கும் 1க்கும் நடுவே 1/x-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எப்சிலான் 1 என்று பார்ட்டி சொல்கிறார். அந்த இடைவெளி முழுவதற்கும் பொருந்துகிற ஒரு டெல்டா ஏன் கிடைக்காது? நோட்ஸைப் பார்க்காமல், தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும், அடித்தல் திருத்தலோடு.

அன்புடன்.