டென்த், பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு யோகா: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கே: அக்கா, பையன் டென்த், புக்க எடுத்தாலே தூங்குறான். படிப்புல ஆர்வம் வர எந்த ஆசனம்?

ப: அப்படி ஒரு ஆசனமே இல்லமா. இந்த வயசுக்கு 8லருந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும், நைட்டு டியூஷன், விடிஞ்சா ஸ்பெஷல் கிளாஸ்னு ஓட விட்டுட்டு ஆசனத்த கேட்டா எப்படி. மொதல்ல தூங்க விடுங்க.

கே: ஞாபக சக்திக்கு சிரசாசனம்?

ப: வேணாம். கழுத்து போயிரும். யூடியூப் பாத்து கபாலபாதியும் (மூச்ச வேகவேகமா வெளிய தள்ற பயிற்சி) வேணாம்.

கே: அக்கா, நான் பிளஸ் டூ. கொஸ்டின் பேப்பர் வாங்குனதும் கை நடுங்குது, படிச்சதெல்லாம் மறந்துருது.

ப: தம்பி, 4 எண்ணி மூக்கால இழு, 6 எண்ணி மெதுவா விடு, வெளிய விடுறது நீளமா இருந்தா இதயத்துடிப்பு கொஞ்சம் அடங்கும், அவ்ளோதான் சூட்சுமம். மூச்ச அடக்காத. கண்ண மூடணும்னு கட்டாயமில்ல, ரெண்டு பாதமும் தரையில அழுந்துறத கவனி போதும். ஆனா பரீட்சை அன்னிக்கு மொத தடவையா பண்ணா வேலைக்கு ஆகாது, இப்பவே தெனம் அஞ்சு நிமிஷம், மனசு நல்லா இருக்கும்போதே பழகு. தூக்கமே வரல, வாழவே பிடிக்கலங்கிற மாதிரி தோணுச்சுன்னா மூச்சுப்பயிற்சிய நம்பி உக்காராத, 14416க்கு போன் போடு, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயே பேசலாம்.

கே: மேடம், இங்கிலாந்துலயே டெஸ்ட் பண்ணி மைண்ட்ஃபுல்னஸ் (மூச்சயும் இந்த நிமிஷத்தயும் கவனிக்கிற பயிற்சி) வேஸ்ட்னு சொல்லிட்டாங்களே?

ப: சார், மிரியட் ஆய்வுதானே, 2022ல முடிவு வந்துச்சு, 8000க்கு மேல பிள்ளைங்க. வழக்கமான பாடத்த விட கிளாஸ் முழுக்க மைண்ட்ஃபுல்னஸ் நடத்துனது ஒண்ணும் பெருசா உதவலன்னு வந்துச்சு. பாதிய விட்டுட்டீங்க, பெரும்பாலான பிள்ளைங்க வீட்ல பயிற்சியே பண்ணல.

கே: அப்ப பண்ணாததுக்கு காரணம் போரடிச்சதுதானே? எதுக்கு ஸ்கூல்ல வைக்கணும்?

ப: இங்கதான் நீங்களும் நானும் ஒண்ணு சார். டெசி, ரையான்னு ரெண்டு உளவியல்காரங்க சொன்னது, ஆர்வம் நிக்கணும்னா நானா எடுத்த முடிவு, என்னால முடியும், நமக்குன்னு ஆளு இருக்கு, இந்த மூணும் வேணும். கட்டாய யோகால மொத விஷயமே அவுட். லேட்டா வந்தவனுக்கு தண்டனையா சூரிய நமஸ்காரம் போட வைக்கிறாங்க பாருங்க, அவன் ஆயுசுக்கும் பாய விரிக்க மாட்டான். என் கிளாஸ்ல பண்ணலாம், சும்மா உக்காரலாம், அவங்க இஷ்டம்.

கே: சூரிய நமஸ்காரம் மதம் சார்ந்ததுதானே?

ப: அப்படி நெனச்சுதான் அமெரிக்கா அலபாமாவுல 1993லருந்து ஸ்கூல்ல யோகாவுக்கே தடை, 2021ல எடுத்தாங்க, அப்பவும் மந்திரமும் நமஸ்தேயும் கூடாதுன்னு சட்டத்துலயே போட்டாங்க. பிடிக்கலன்னா விட்டுட்டு கை கால நீட்டி மடக்க சொல்லுங்க. இந்த சண்டைக்கு இன்னிக்கு நேரமில்ல.

கே: பொண்ணு நைன்த், ஆர்வம் வர எந்த ஆசனம்?

ப: மேல பாருங்க.

கே: கபாலபாதி 100 தடவை...

ப: வேணாம்னு சொல்லிட்டேன்!

கே: எங்க ஸ்கூல்ல யோகாவுக்கு டைமே இல்லயாம் மேடம்.

ப: பி.டி. பீரியட மேத்ஸுக்கு எடுத்துக்கிறத நிறுத்த சொல்லுங்க, பிடிஏ மீட்டிங்ல எழுதியே குடுங்க.