மயலின் முதலில், ஆன்டிபாடி அப்புறம்

கேள்வி: நான் ஆய்வு மாணவி. பாரஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திய சுண்டெலி மூளைச் சீவல் ஒன்றிலேயே கார்ஸ் (கொழுப்பைச் சாயமின்றிக் காட்டும் லேசர் படம்), எஸ்எச்ஜி (சில ஒழுங்கான இழைகள் லேசரின் பாதி அலைநீளத்தில் தரும் ஒளி), டூ-போட்டான் (ஒளிரும் குறிகளைக் காட்டும் படம்) என்ற மூன்று நுண்ணோக்கிப் படங்களையும் எடுக்கிறேன். ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அதைக் காட்டும் குறி) ஏற்றிய பிறகு கார்ஸில் மயலின் (நரம்பிழையைச் சுற்றிய கொழுப்பு உறை) மங்கிவிடுகிறது. லேசர் சக்தியைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். சீவல் கருகுமே தவிர, போன மயலின் திரும்பாது.

கார்ஸில் நீங்கள் பார்ப்பது கொழுப்பிலுள்ள கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பின் அதிர்வை. மயலினில் கொழுப்பு மிக அதிகம். அதனால்தான் சாயமே இல்லாமல் பளிச்சென்று தெரிகிறது. பாரஃபார்மால்டிஹைடு புரதத்தைத்தான் இறுக்கிப் பிணைக்கும், கொழுப்பை அவ்வளவாகப் பிடித்து வைக்காது. ஆன்டிபாடி உள்ளே போகட்டும் என்று நீங்கள் சேர்க்கும் டிரைட்டான் (சோப்பு போன்ற பொருள்) அந்தக் கொழுப்பைக் கரைத்து எடுத்துவிடுகிறது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். சீவல் பஃபரில் இருக்கும்போதே கார்ஸையும் எஸ்எச்ஜியையும் முடித்துவிடுங்கள். அப்புறம் டிரைட்டான், ஆன்டிபாடி, டூ-போட்டான். முதிய எலியில் லிப்போஃபசின் (வயதோடு செல்லில் சேரும் நிறமி) ஒளிர்வை அடக்க சூடான் பிளாக் சாயம் போடுவதாக இருந்தால் அதுவும் கார்ஸுக்குப் பிறகுதான். அதுவும் கொழுப்பில் ஒட்டும் சாயமே.

பிறகு அதே இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமே! குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு வரைபடம் எடுத்து வையுங்கள். ரத்தக்குழாய் கிளை பிரியும் இடங்கள் நல்ல அடையாளம். சீவல் சற்று சுருங்கினாலும் அவற்றை வைத்துப் படங்களைப் பொருத்திவிடலாம்.

உங்கள் எலியின் நியூரான்களில் ஒய்எஃப்பி (மஞ்சளாக ஒளிரும் புரதம்) இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. கார்ஸுக்கு 817, 1064 நானோமீட்டர் கற்றைகளைச் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1064-இன் எஸ்எச்ஜி 532-இல் விழும். ஒய்எஃப்பி ஒளிர்வது 527-ஐ ஒட்டி. மூளை உறையிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் உள்ள கொலாஜன் (எஸ்எச்ஜி தரும் நார்ப் புரதம்) அந்தச் சேனலில் நியூரான் இழைபோலவே நெளியும். ஒய்எஃப்பி இல்லாத எலியின் சீவலை அதே அமைப்பில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அங்கும் இழை தெரிந்தால் அது கசிவு.

கடைசியாக ஒன்று, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மயலினின் கொழுப்பு மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டவை. லேசரின் முனைவாக்கம் (ஒளி அலை அதிரும் திசை) ஒரே திசையில் இருந்தால் ஒரு பக்கம் ஓடும் ஆக்சான் (நரம்பிழை) பிரகாசமாகவும், குறுக்கே ஓடுவது மங்கலாகவும் வரும். அதை மயலின் சிதைவு என்று எழுதிவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் சீவலை 90 டிகிரி திருப்பி மறுபடி எடுங்கள். மங்கல் இழை மாறினால் நோயில்லை. கால் அலைத் தகடு வைத்து இரு கற்றைகளையும் வட்ட முனைவாக்கத்துக்கு மாற்றினால் இந்த வேறுபாடு பெருமளவு குறையும்.