அலாஸ்காவில் லின்க்ஸ் வேட்டைக்குத் திட்டமிடுவது எப்படி?

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் வசித்த காலத்தில் வெளியூர் நண்பர்கள் பலரும் இதைக் கேட்டதுண்டு. ஆனால் அவர்கள் பேச்சு எப்போதும் துப்பாக்கியிலிருந்தே தொடங்கும். உண்மையில் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்த ஆண்டில் போவது என்பதே.

லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனை பெரும்பாலும் பனிமுயலைத் தின்றே வாழ்வது. ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பனிமுயல்கள் பெருகிப் பின்னர் அடியோடு சரிய, ஓரிரு ஆண்டுகள் கழித்து லின்க்ஸின் எண்ணிக்கையும் அவ்வாறே ஏறி இறங்குகிறது. கனடாவில் ரோமத்தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் தோல் கொள்முதல் கணக்குகளிலிருந்து எல்டன், நிக்கல்சன் என்னும் ஆய்வாளர்கள் 1942இல் இதை விரிவாக நிறுவினார்கள். முயல் சரிந்ததும் பசித்த லின்க்ஸ்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலைவதால் சாலையோரங்களிலும் தென்படக்கூடும். அதைப் பெருக்கத்தின் அறிகுறி என்று எண்ணிவிடக் கூடாது. குட்டிகள் ஏறக்குறைய பிழைக்காத அத்தகைய ஆண்டுகளில் வேட்டையைத் தவிர்ப்பதே முறை என்பது என் கருத்து. மாநில மீன், வேட்டைத் துறையும் இந்தச் சுழற்சியை ஒட்டிச் சில பகுதிகளில் லின்க்ஸ் பருவத்தை நீட்டவோ சுருக்கவோ செய்வதால், சென்ற ஆண்டின் விதிகளை நம்பிப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம்.

இடத்தையும் முயலே காட்டிக்கொடுக்கும். பழைய காட்டுத்தீக்குப் பிறகு இளமரங்களும் வில்லோ புதர்களும் அடர்ந்த நிலத்தில் முயல் தடங்களைத் தேடுங்கள். அவற்றினிடையே, பனியில் அதிகம் புதையாத, நகக்குறி பதியாத, அகன்ற வட்டத் தடம் தெரிந்தால் அங்கே அமரலாம். அடிபட்ட முயலின் குரலை எழுப்பி அழைக்கும்போது நரி விரைந்து வந்துவிடும்; லின்க்ஸோ சில அடி நடந்து, அமர்ந்து, பார்த்து, மீண்டும் நடக்கும் என்பதால், ஓரிடத்தில் முக்கால் மணி நேரமாவது அசையாமல் காத்திருப்பது அவசியம்.

ரோமம் செழித்திருக்கும் டிசம்பர் இறுதியில் ஃபேர்பேங்க்ஸில் பகல் நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. வெப்பநிலை மைனஸ் 40 வரை இறங்கக்கூடும். அந்தக் குளிரில் சாதாரண எண்ணெய் இறுகித் துப்பாக்கி வேலை செய்யாமல் போகலாம்.

வேட்டையாடிய தோலுக்கு உரிய கெடுவுக்குள் அரசு முத்திரை பெற வேண்டும். லின்க்ஸ், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல ஏற்றுமதி அனுமதியும் வேண்டும். அதைப் பயணத்துக்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.