பத்து நாள் விடுமுறையில் மிலம் கிராமத்துக்கு நடந்து போய்வர முடியுமா?

"பத்து நாள் லீவு இருக்கிறது, உத்தராகண்டில் முன்சியாரியிலிருந்து மிலம் வரை நடந்து போய்த் திரும்ப எப்படித் திட்டமிடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை, ஏதோ வீடியோ பார்த்து ஆசை வந்திருக்கிறது, திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பத்து நாளில் முடியாது. ஆசையைக் கெடுப்பதாக நினைக்காதீர்கள், கணக்கைப் பாருங்கள். டெல்லியில் இரவு ராணிகேத் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை காத்கோதாம். அங்கிருந்து முன்சியாரிக்கு ஜீப்பில் ஒரு முழுப் பகல். தூரம் முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் அத்தனையும் மலை வளைவு. மறுநாள் பெர்மிட். மிலம் திபெத் எல்லைப் பக்கம் இருப்பதால் இன்னர் லைன் பெர்மிட், அதாவது எல்லைப் பகுதிக்குள் நுழைவதற்கான அரசு அனுமதிச் சீட்டு, இல்லாமல் மேலே விடமாட்டார்கள். முன்சியாரியில் எஸ்.டி.எம். (உட்கோட்ட நடுவர்) அலுவலகத்தில் அடையாள அட்டை நகலும் போட்டோவும் கொடுத்து வாங்க வேண்டும். ஞாயிறோ அரசு விடுமுறையோ குறுக்கிட்டால் அந்த நாள் போனதுதான். பிறகு லீலம், புக்தியார், ரில்கோட், மிலம் என்று ஏற நான்கு நாள், ஊருக்கு மேலே இருக்கும் மிலம் பனியாற்றின் முகப்பைப் பார்க்க ஒரு நாள், இறங்க மூன்று நாள், திரும்பக் காத்கோதாமுக்கு ஒரு நாள். காத்கோதாமிலிருந்து காத்கோதாமுக்கே பதினொரு நாள் ஆகிவிட்டது. இதற்கு மேல் இரண்டு நாள் சும்மா கையில் இருக்க வேண்டும். நான் சொல்ல வந்ததே அந்த இரண்டு நாளைப் பற்றித்தான்.

"சாலை போட்டுக்கொண்டு வருகிறார்கள், பாதித் தூரம் ஜீப்பிலேயே போய்விடலாம், இவர் பழைய கணக்குச் சொல்கிறார்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். சாலை வேலை நடப்பது உண்மை. நடக்கும் தூரம் குறைவதும் உண்மை. அதே வேலைக்காகப் பாறைக்கு வெடி வைக்கும்போது மணிக்கணக்கில் பாதையை மறித்துவிடுகிறார்கள் என்பதும், வெட்டிய மலைச்சரிவு ஒரு மழைக்கே இளகி இறங்குகிறது என்பதும் உண்மை. மிச்சப்படும் நாளை உதிரி நாளாக வைத்துக்கொள்ளுங்கள், லீவைக் குறைக்க வேண்டாம்.

நானும் என் தோழியும் போனபோது புக்தியாரைத் தாண்டி நாஹர் தேவி பக்கம் பாதை சரிந்து கிடந்தது. இரவெல்லாம் பெய்த மழை. கீழே கோரி கங்கை ஆறு இரைகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. எங்களோடு வந்த கைடு முன்சியாரிக்காரப் பையன். சரிவை ஒருமுறை பார்த்தான், மேலேயிருந்து சிறு கல் உருண்டு வருவதைக் கொஞ்ச நேரம் கவனித்தான், "இன்னைக்கு வேண்டாம் தீதி (அக்கா)" என்றான். அவ்வளவுதான், நாங்கள் மறுபேச்சுப் பேசவில்லை. புக்தியாருக்கே திரும்பி வந்து பருப்பும் சோறும் வடித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். எங்களுக்கு முன்னால் போன இன்னொரு குழுவில் நாலு பேர். நல்ல உடற்கட்டு, விலை உயர்ந்த ஷூ, எங்களைவிட இரண்டு மடங்கு வேகம். அவர்களுக்கு ரயில் தேதி நெருக்கிக்கொண்டிருந்தது. கடந்துவிடலாம் என்று தங்கள் கைடோடு வாக்குவாதம் செய்தார்கள். அவர் மறுத்ததும் மிலமைப் பார்க்காமலே முன்சியாரிக்கு இறங்கிவிட்டார்கள். போகும்போது ஒருவர் எங்களிடம், "ஆன்ட்டி, உங்களுக்கென்ன, டைம் இருக்கு" என்றார். மறுநாள் மத்தியானம் சாலை ஆட்களும் எல்லைக் காவல் படைக்காரர்களும் சேர்ந்து வழி செய்து கொடுத்தார்கள். நாங்கள் மேலே போனோம்.

டைம் இருக்கிறது என்றால் யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. இதை இங்கே சொல்லாமல் போனால் எனக்கு ஆறாது. நான் வேலை பார்த்த இடத்தில் நாத்தனார் மகள் சீமந்தம், கொழுந்தன் வீட்டுக் காதுகுத்து என்று எழுதிக் கொடுத்தால் ஒரு கேள்வி வராது, உடனே கையெழுத்து. மலைக்குப் போகிறேன் என்று உண்மையை எழுதியதற்கு, "வீட்டுக்காரர் வரலையா? பசங்களுக்கு யார் சமைப்பா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். அது என் ஈட்டிய விடுப்பு, நான் உழைத்துச் சேர்த்தது. பெண்கள் ஊரார் விசேஷத்துக்கு மட்டும்தான் லீவு எடுக்க வேண்டுமா? பொய்க் காரணம் எழுதச் சொல்லி எனக்கு யோசனை சொன்னவர்களும் உண்டு. நான் எழுதவில்லை. இந்தப் பதிலைப் படிக்கிற பெண்களும் எழுத வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உயரத்தைப் பொறுத்தவரை இந்த வழி நல்ல வழி. முன்சியாரி 2200 மீட்டர், லீலம் அதற்கும் கீழே, புக்தியார் 2500, ரில்கோட் 3100 சொச்சம், மிலம் 3400 சொச்சம். படிப்படியாக ஏறுவதால் உடம்பு பழகிவிடும். அதற்காக இரண்டு நாள் தூரத்தை ஒரே நாளில் ஏறிச் சாதனை செய்ய வேண்டாம். தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். கூடிக்கொண்டே போனால் இருட்டானாலும் கீழே இறங்குங்கள். பாதித் தூரம் வந்தாயிற்றே என்று ஏறுவதுதான் ஆளைக் கொல்லும்.

தனியாகப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாதை தெளிவாகத்தான் இருக்கிறது, போய் வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் நான் போகச் சொல்லமாட்டேன். முன்சியாரியிலேயே ஒரு கைடைக் கூட்டிக்கொள்ளுங்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள். பணத்தைக் காத்கோதாம் பக்கத்து ஊரான ஹல்த்வானியிலேயே எடுத்துவிடுங்கள், செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். அரிசி, பருப்பு கொஞ்சமாவது கையில் இருக்கட்டும், ஏனென்றால் மேலே இருக்கிற ஒவ்வொரு மூட்டையும் கோவேறு கழுதை முதுகில் வந்தது.

இன்னொன்று, மிலமைப் "பேய்க் கிராமம்" என்று தலைப்புப் போட்டு வீடியோ எடுக்கிறார்களே, தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஜோஹார் பள்ளத்தாக்கிலேயே பெரிய ஊர் அது. உண்டா தூரா கணவாய் தாண்டித் திபெத்துக்குத் தானியம் கொண்டுபோய் உப்பும் கம்பளியும் கொண்டுவந்த ஷௌகா என்ற மலைச் சமூகத்து வியாபாரிகளின் ஊர். 1962 போரோடு எல்லை மூடியது, வியாபாரம் நின்றது, பிழைப்புக்காகச் சனங்கள் கீழே இறங்கினார்கள். கூரை விழுந்த கல் வீடுகள் வரிசையாக நிற்பதற்கு அதுதான் காரணம். பண்டிட் நைன் சிங் ராவத் 1830இல் பிறந்தது இந்த ஊரில்தான். பிரிட்டிஷ் அளவைத் துறைக்காக மாறுவேடத்தில் திபெத்துக்குள் போய், 108 மணிக்குப் பதில் 100 மணி கோத்த ஜபமாலையில் நூறு காலடிக்கு ஒரு மணி உருட்டி, 1866இல் லாசா வரை அளந்தவர். 1877இல் லண்டன் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அந்த ஊருக்கு நடந்து போகிறோம் என்பது தெரிந்து போனால் கால்வலி கொஞ்சம் குறையும்.

ஊரில் இப்போதும் ஆள் இருக்கிறார்கள். வெயில் காலத்தில் சில குடும்பங்கள் மேலே வந்து உருளைக்கிழங்கும் பாப்பர் (பக்வீட்) என்ற மலைத் தானியமும் விதைத்து, அக்டோபரில் இறங்கிவிடுகிறார்கள். நாங்கள் போனபோது ஒரு மூதாட்டி தன் வீட்டுக் கூரையைப் பார்க்க மட்டும் அத்தனை தூரம் ஏறி வந்திருந்தார். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார், நாங்கள் சுமந்துபோன பருப்பில் பாதியைக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார். சரிந்த வீட்டுக்குள் நுழைந்து செல்ஃபி எடுக்கும் ஒருவரிடம், "அது என் சித்தப்பா வீடு" என்று அவர் சொன்னபோது எனக்கு முகம் வெந்துபோயிற்று.

மே கடைசியிலிருந்து ஜூன் நடுவரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை போங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். பத்து நாளுக்கு மேல் கிடைக்கவே கிடைக்காது என்றால் இந்த வருடம் முன்சியாரியில் தங்கி கலியா டாப் ஏறுங்கள். 3500 மீட்டர், பஞ்சசூலியின் ஐந்து சிகரமும் நேரெதிரே நிற்கும். மலை வழி உங்கள் முட்டிக்கு ஒத்துவருகிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். மிலமுக்குப் பதினைந்து நாள் சேர்த்துக்கொண்டு அடுத்த வருடம் வாருங்கள்.