100 எம்பிபிஎஸ் நெட் லைன் இருந்தும் மேகம் நகரவில்லையே!

கேள்வி: எங்கள் கல்லூரி லேபில் வானிலைத் தரவுகளைப் பார்க்கும் ஏவிப்ஸ் (AWIPS) மென்பொருளைப் போட்டு, அமெரிக்காவில் உள்ள சர்வரோடு இணைத்திருக்கிறோம். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன்தான், ஆனாலும் ஜிஎஃப்எஸ் (உலக வானிலைக் கணிப்பு மாடல்) மழை வரைபடம் ஒவ்வொரு பிரேமாக ஊர்ந்து வருகிறது. சர்வரைப் புதுப்பித்த பிறகு பழைய கம்ப்யூட்டர் ஒன்று இணைவதே இல்லை. லைனை மாற்றலாமா?
– ஒரு மாணவி, மன்னார்குடி

பதில்: லைனுக்குக் காசைக் கொட்டாதீர்கள், பிரச்சினை அங்கே இல்லை. உங்கள் மேசையில் ஓடுவது ஏவிப்ஸின் படம் காட்டும் பகுதியான கேவ் (CAVE), தரவு உட்கார்ந்திருப்பது அதன் சர்வர் பகுதியான எடெக்ஸில் (EDEX). ஒரு வரைபடம் திறக்க கேவ் ஒரே தடவை கேட்டு வாங்கிக்கொள்வதில்லை. என்ன நேரங்கள் இருக்கின்றன, எந்த அளவீடு, எந்தப் பகுதி என்று துண்டு துண்டாகக் கேட்கும், ஒவ்வொரு கேள்விக்கும் மன்னார்குடியிலிருந்து அமெரிக்கா போய்த் திரும்ப கால் விநாடி ஆகிவிடும். வாய்க்காலை அகலப்படுத்தினால் மேட்டூர் தண்ணீர் சீக்கிரம் வந்து சேருமா என்ன? அதனால் பிரேம் எண்ணிக்கையை எட்டாகக் குறையுங்கள், நாலைந்து அடுக்குகளை ஒரே நேரத்தில் ஏற்றாதீர்கள். முதல் தடவை திறக்கும்போது அமைப்புக் கோப்புகளும் இறங்குவதால் தாமதம் கூடும், மறுநாள் அவ்வளவு இருக்காது. இறங்கி முடித்த பிறகும் படம் திக்கினால், அது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை, நெட்டின் மேல் பழி போட முடியாது.

பழைய கம்ப்யூட்டர் விஷயம் வேறு. கேவும் எடெக்ஸும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் தரவைக் கட்டி அனுப்பும் முறை பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஒன்று கட்டியதை மற்றது பிரிக்கத் தெரியாமல் நிற்கும். சர்வர் எந்தப் பதிப்போ அதே கேவை நிறுவுங்கள், அதற்கு முன் ஹோம் ஃபோல்டரில் கேவ்டேட்டா (caveData) என்று ஒன்று இருக்கும், அதை அழித்துவிடுங்கள் (நீங்கள் சேமித்து வைத்த அமைப்புகள் இருந்தால் முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்). பழைய குப்பை அதில் கிடந்தால் புதியதும் தகராறு செய்யும். அப்புறமும் வரவில்லையா, கல்லூரி ஃபயர்வாலில் 9581 போர்ட் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: சம்பாவுக்கு மருந்து அடிக்க வேண்டும், சாயங்காலம் மழை வருமா என்று பார்க்க அப்பாவுக்கும் ஏவிப்ஸைப் போட்டுக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: வேண்டாம். வானிலைத் துறை இணையதளத்தில் காரைக்கால் ரேடார் படம் மொபைல் பிரவுசரிலேயே திறக்கும், பதிப்புத் தொல்லை இல்லை. படத்தில் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.